சொந்த சிலிண்டரா, வாடகை சிலிண்டரா? சிங்கப்பூரில் ஸ்கூபா செய்பவனின் கணக்கு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஸ்கூபா சிலிண்டரைச் சொந்தமாக வாங்கலாமா என்று யார் கேட்டாலும், சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாங்குங்கள், சிலிண்டரை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். 12 லிட்டர் எஃகு சிலிண்டர் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல சிலிண்டர். ஊர்தான் அதற்கு ஏற்றதாக இல்லை.

நம்மவர்கள் எங்கே முக்குளிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடந்து, மலேசியாவின் மெர்சிங் போய், படகேறித் தியோமான் தீவு. கட்டுகிற பணத்தில் சிலிண்டர், ஈயக் கட்டி, சாப்பாடு எல்லாம் அடங்கிவிடும். அங்கே நம் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவது கல்யாணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது போல. பாலிக்கோ மனாடோவுக்கோ விமானத்தில் என்றால், வால்வைக் கழற்றிக் காலி சிலிண்டராகக் காட்ட வேண்டும். பெட்டி எடையில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தியோமான் பக்கமே போக முடியாது. மிச்சம் இருப்பது நம் தெற்குத் தீவுகள்: புலாவ் ஹந்து, சிஸ்டர்ஸ் தீவுகள். ஹந்துவுக்குப் போகும் படகிலும் சிலிண்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. சொந்த சிலிண்டர் கொண்டுவந்தவன் என்பதற்காக எனக்குக் கிடைத்த தள்ளுபடி எப்போதும் சில வெள்ளிதான்.

வாங்கும் முன் பலர் கவனிக்காத இடம் இது. வாடகை என்பது வெறும் இரும்புக்குக் கொடுக்கும் பணம் அல்ல. உள்ளே இருக்கும் காற்றும் அதில் சேர்த்தி. சொந்தமாக வாங்கினாலும் காற்றைக் காசு கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும். ஆகவே மிச்சமாவது வாடகைக்கும் நிரப்பும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அந்தச் சிறு தொகையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை உட்புறப் பார்வைச் சோதனை, 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, அவ்வப்போது வால்வுப் பழுது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், வாரந்தோறும் கடலில் இறங்குகிறவனுக்கே கணக்கு இழுபறிதான்.

பெரிய சிலிண்டர் என்றால் அதிக நேரம் கீழே இருக்கலாமே என்பார்கள். எங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 வகையின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் மேலேறினால், பயன்படுவது 150 பார். அதாவது 1,665 லிட்டர் காற்று. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவன் அழுத்தம் இரட்டிப்பாகும் 10 மீட்டர் ஆழத்தில் 36 லிட்டர் இழுப்பான். ஏறத்தாழ 46 நிமிடம். என் எஃகு சிலிண்டர் 232 பார் தாங்கும். ஆனால் எனக்கு நிரப்பிக் கிடைப்பது பெரும்பாலும் 200 பார்தான். ஆக 50 நிமிடம். கூடுதலாகக் கிடைத்தது 4 நிமிடம்! அதுவும் கூட வந்தவர் காற்றுத் தீர்ந்து மேலேறும்போது நானும் ஏறத்தான் வேண்டும். இன்னொன்று: நிரப்பும்போது சிலிண்டர் சூடாகிவிடும். 50 டிகிரியில் 200 பார் காட்டிய அழுத்தமானி முள், 30 டிகிரிக்கு ஆறியதும் 188 பக்கம் இறங்கி நிற்கும். கடையில் பார்த்த எண்ணை நம்பிப் படகேறக் கூடாது.

எஃகு சிலிண்டர் எனக்குத் தந்த உண்மையான சுகம் வேறு. அலுமினியம் 80 நிறைந்திருக்கும்போது மெல்ல மூழ்கும். காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கி, முடிவில் ஏறத்தாழ 2 கிலோ மேலே தூக்கும். உள்ளே இருந்த இரண்டரைக் கிலோவுக்கும் மேற்பட்ட காற்று போய்விட்டதல்லவா! அதைச் சமாளிக்கத்தான் தொடக்கத்திலிருந்தே இடுப்பில் கூடுதல் ஈயம் கட்டுகிறோம். எஃகு அப்படியல்ல, காற்று குறைந்தபின்னும் முதுகோடு அமைதியாகக் கிடக்கும். என் எடைப் பட்டையில் 2 கிலோ குறைந்தது. ஹந்துவில் இதன் அருமை தெரியும். அங்கே கண்ணுக்கு எட்டுவது சில மீட்டர்தான். கலங்கிய நீரில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். எதிரே புக்கோம் தீவின் எண்ணெய் ஆலை, சுற்றிலும் படகுப் போக்குவரத்து. அந்த இடத்தில் நினைக்காத நேரத்தில் பந்து போல மேலே எழும்புவது விளையாட்டு அல்ல. இந்த ஒரு காரணத்துக்காக யாராவது எஃகு வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் வாடகைக்கே எஃகு சிலிண்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

வீட்டுக்கு வருவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதை எங்கே வைப்பது? எங்கள் பொருளறையில் அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே, உருளாதபடி கயிற்றால் கட்டி நிற்கிறது. மனைவி அதன் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார். மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு போனால், பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு முறையும் பதறி, “வீட்டில் யாருக்குத் தம்பி உடம்பு சரியில்லை?” என்பார். இது ஆக்சிஜன் அல்ல அம்மா, நாம் மூச்சு விடும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கார் இல்லாதவருக்கு நிலைமை இன்னும் கடினம். உபகரணப் பை ஒரு தோளில், 14 கிலோவுக்குக் குறையாத உலோகம் மறு கையில்.

பராமரிப்பு பெரிய வேலை அல்ல, ஆனால் மறக்கக் கூடாத வேலை. வந்ததும் நன்னீரில் அலச வேண்டும். அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி உள்ளே உப்பு தங்காமல் பார்க்க வேண்டும். காற்றை ஒருபோதும் முழுவதும் தீர்க்கக் கூடாது. சிறிதளவு அழுத்தம் உள்ளே இருந்தால்தான் ஈரம் புகாது. எஃகுக்குள் உப்புநீர் ஒரு சொட்டுப் போனாலும், அடுத்த சோதனையில் விளக்கை உள்ளே விட்டுப் பார்க்கும்போது துரு தெரிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் வெளிப்பூச்சு உரிந்த இடமும் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்? நீச்சல் குளத்தில் அடிக்கடி பயிற்சி எடுப்பவர், கற்றுக்கொடுப்பவர், சொந்தப் படகோ படகு வைத்திருக்கும் நண்பரோ உள்ளவர். நான் வாங்கியது குளப் பயிற்சிக்காகத்தான். அந்தக் காலத்தில் அது உழைத்த உழைப்புக்குக் குறை சொல்ல மாட்டேன். பழையதை வாங்குகிறவர்கள் தோள்பகுதியில் பொறித்திருப்பதைப் படியுங்கள்: கடைசிச் சோதனைத் தேதி, வேலை அழுத்தம், உலோக வகை. 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்களில் கழுத்துப் பகுதி விரிசல் கண்டதுண்டு. பின்னர் தயாரிப்பாளர்கள் 6061 கலவைக்கு மாறினார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 6351-ஐத் தூக்கி வராதீர்கள். நிரப்பித் தர மறுப்பவர்களும் உண்டு.

வாடகைக்கு எடுக்கிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. வால்வு வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். வால்வைச் சற்றுத் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் வேறு கேளுங்கள். ரெகுலேட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்தபடி சில மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. உங்கள் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் டிஐஎன் வகை என்றால் அதற்கான அடாப்டரைப் பையிலேயே வைத்திருங்கள். தீவில் போய்த் தேட முடியாது.

என் சிலிண்டருக்கு அடுத்த ஆண்டு நீரழுத்தச் சோதனை வருகிறது. அதற்கு நான் பணம் கட்டப் போவதில்லை. குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் என் மச்சான் அதை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். விலை மட்டும் இன்னும் படியவில்லை.