ஆப்பா, ஷீட்டா, ஈவென்ட் டேட்டாவா: லீக் கணக்கைப் படிக்க எது போதும்?

மான்செஸ்டர் யுனைடெட் 2022-23 பிரீமியர் லீகில் 58 கோல் போட்டது. அடுத்த சீசனில் 57. வாங்கிய கோல் மட்டும் 43-லிருந்து 58-க்கு ஏறியது. இதை வைத்து 'அட்டாக் அப்படியேதான் இருந்தது, டிஃபென்ஸ்தான் கெட்டது' என்று சொல்லிவிடத் தோன்றும். லீக் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. 2022-23ல் 380 ஆட்டங்களில் விழுந்தவை 1,084 கோல்கள், அதாவது அணிக்குச் சராசரி 54.2. 2023-24ல் மொத்தம் 1,246, சராசரி 62.3. முதல் சீசனின் 58 சராசரிக்கு 7 சதவீதம் மேலே இருக்கிறது. மறு சீசனின் 57 எட்டரை சதவீதம் கீழே விழுகிறது. வாங்கிய கணக்கிலோ முதல் சீசனில் சராசரியைவிட 21 சதவீதம் குறைவு, மறு சீசனில் 7 சதவீதம் குறைவு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சரிந்திருக்கின்றன. ஒற்றைக் கோல் வித்தியாசத்துக்குப் பின்னால் அட்டாக்கின் சரிவு ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

எனவே எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, லீக் சராசரியை அது காட்டுகிறதா என்பதுதான். பெங்களூரில், பீலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரத்திலும், ஆஸ்டின் டவுன், அல்சூர் பக்கமும் ஒரே ஆள் மூன்று கால்பந்தைப் பார்க்கிறார்: ராத்திரி பிரீமியர் லீக், கண்டீரவா ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆடும் பெங்களூரு எஃப்சி, அசோக் நகர் ஸ்டேடியத்தில் உள்ளூர் லீகான சூப்பர் டிவிஷன். இந்த மூன்றுக்கும் ஒரே வழி சரிவராது. கையில் இருக்கும் வழிகள் மூன்று: மொபைல் ஆப், ஸ்கோரை ஏற்றி நாமே கூட்டும் ஷீட், ஒவ்வொரு பாஸையும் ஷாட்டையும் பதிவு செய்யும் ஈவென்ட் டேட்டா.

ஆப்: வேகம் உண்டு, சராசரி இல்லை

ஃபோட்மாப், சோஃபாஸ்கோர் இரண்டும் இலவசம், ஐஎஸ்எல்லும் உண்டு. யார் அதிக ஷாட் அடித்தார், எந்த அணி அதிக கிளீன் ஷீட் (கோலே வாங்காத ஆட்டம்) வைத்திருக்கிறது என்பதெல்லாம் இரண்டு தட்டலில் வந்துவிடும். ஆனால் அவை முன்னால் நிறுத்துவது வரிசை எண்ணைத்தான். 'ஷாட்டில் 4-வது இடம்' என்றால் அந்த அணிக்கும் 9-வது அணிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரியாது. பல நேரம் நடுவில் இருக்கும் ஆறேழு அணிகளும் ஒரே கொத்தாக நிற்கும், அங்கே 4-வது இடத்துக்கும் 9-வது இடத்துக்கும் பொருளே கிடையாது. இதற்கு மாற்று எளிது. ஆப்பில் சீசன் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து எல்லா அணிகளின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி அணிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் சராசரி கைக்கு வந்துவிடும்.

பத்துக்கு இத்தனை என்று தரும் பிளேயர் ரேட்டிங்கை லீக் தாண்டி ஒப்பிடாமல் இருப்பது நல்லது. அது அந்தந்த ஆட்டத்தில் நடந்ததற்கான மதிப்பெண், எதிரணியின் தரம் அதில் சரியாக இறங்குவதில்லை. ஐஎஸ்எல்லில் 7.4 வாங்கியவரை ஸ்பெயினில் 7.1 வாங்கியவரோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது வெட்டிவேலை.

90 நிமிடத்துக்கு இத்தனை என்ற கணக்கும் ஆப்பில் ஏமாற்றும். 180 நிமிடம் ஆடி 2 கோல் போட்டவருக்கு 1.00 வரும், 1,900 நிமிடம் ஆடி 12 போட்டவருக்கு 0.57தான் வரும். பட்டியலில் மேலே நிற்பவர் முதல் ஆள். 24 ஆட்ட சீசனில் மொத்தம் 2,160 நிமிடம், அதில் மூன்றில் ஒரு பங்கான 720-க்குக் கீழே ஆடியவர்களைக் கழித்துவிட்டுத்தான் பட்டியலைப் படிக்க வேண்டும். ஆப்பில் அந்த வடிகட்டி இல்லையென்றால் நிமிடத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஷீட்: கொஞ்சம் உழைப்பு, நிறையப் பதில்

என்னைக் கேட்டால் பத்தில் எட்டுக் கேள்விக்கு கூகுள் ஷீட்ஸே போதும். ஐரோப்பிய லீகுகளுக்குத் தட்டச்சு வேலையும் இல்லை. ஃபுட்பால்-டேட்டா டாட் கோ டாட் யூகே தளத்தில் 1993-94 முதல் சீசன் வாரியாக, ஷீட்டில் நேராகத் திறக்கும் சிஎஸ்வி ஃபைல் இலவசமாகக் கிடைக்கிறது, ஆட்டத்துக்கு ஒரு வரி. இந்திய லீக் அங்கே இல்லை, கையால்தான் ஏற்ற வேண்டும். 12 அணி ஆடிய 2023-24 ஐஎஸ்எல்லுக்கு 132 வரி, 13 அணி ஆடிய 2024-25க்கு 156 வரி. ஓய்வாக ஒரு மாலையில் முடிகிற வேலைதான்.

தேவையான பத்திகள் ஏழு: தேதி, கட்டம், சுற்று, ஹோம் அணி, அவே அணி, ஹோம் கோல், அவே கோல். கோலை '2-1' என்று ஒரே செல்லில் அடித்தால் ஷீட் அதைத் தேதியாக மாற்றிவிடும். அதனால்தான் இரண்டு பத்தி. சிஎஸ்வி இறக்கும்போதும் இதே தலைவலிதான். அமைப்பில் இடம் அமெரிக்கா என்று இருந்தால் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். முதலில் அதை இந்தியா என்று மாற்றிவிட்டு ஃபைலை ஏற்றுங்கள்.

'கட்டம்' என்ற பத்தி லீக் ஆட்டத்தையும், லீக் முடிந்தபின் நடக்கும் பிளே-ஆஃபையும் பிரிப்பதற்கு. 2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் கூடுதல் நேரத்தில் பெங்களூரின் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கும், அதை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டு வெளியேறியதும் பிளே-ஆஃபில் நடந்தவை. அந்த வரி லீக் கணக்கோடு கலந்தால் பெங்களூருக்கு ஒரு வெற்றி கூடுதலாக ஏறிவிடும்.

இரண்டாவது ஷீட்டில் அணிப் பெயர்களை வரிசையாக எழுதி, ஹோமில் போட்டதற்கு ஒரு சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் ஃபார்முலா), அவேயில் போட்டதற்கு ஒரு சம்இஃப்ஸ், இரண்டையும் கூட்டினால் மொத்தக் கோல். வெற்றி, டிரா, தோல்விக்கு முதல் ஷீட்டிலேயே இரண்டு பத்தி சேர்த்து ஹோம் புள்ளி, அவே புள்ளி போட்டுவிட்டால் அதையும் இதே முறையில் கூட்டலாம். எல்லாவற்றிலும் 'கட்டம் = லீக்' என்ற நிபந்தனை இருக்கட்டும்.

முடித்ததும் மூன்று சோதனை. எல்லா அணியும் போட்டதன் கூட்டுத்தொகை, வாங்கியதன் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். கோல் வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். மொத்தப் புள்ளி, ஆட்ட எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி டிராக்களைக் கழித்ததற்குச் சமமாக வர வேண்டும். பெரும்பாலும் உதைப்பது அணிப் பெயர்தான்: ஒரு வரியில் 'எஃப்சி' சேர்ந்திருக்கும், இன்னொன்றில் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். பல சீசனை ஒட்டும்போது ஏடிகே மோகன் பகான் 2023ல் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் ஆனது போன்ற பெயர் மாற்றத்தால் ஒரே கிளப் இரண்டாக உடையும்.

சோதனை தோற்றாலும் உங்கள் ஷீட் சரியாக இருக்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023-24 பிரீமியர் லீகில் அதிகாரப்பூர்வப் பட்டியல் 12 புள்ளி குறைவாகவே இருக்கும். நிதி விதி மீறலுக்காக எவர்டனுக்கு 8, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4 வெட்டினார்கள். எவர்டன் 13 வெற்றி, 9 டிரா: ஆட்டக் கணக்குப்படி 48, பட்டியலில் 40. அணியின் ஆட்டத்தை எடைபோட 48ஐ எடுங்கள், யார் கீழே இறங்கினார்கள் என்பதற்கு 40ஐ எடுங்கள்.

வரிசைப்படுத்தும் விதியும் லீக்குக்கு லீக் வேறு. பிரீமியர் லீகில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசம். 2018-19 ஐஎஸ்எல்லில் பெங்களூரும் கோவாவும் 34 புள்ளியில் சமமாக நின்றன, கோல் வித்தியாசம் கோவாவுக்குத்தான் பெரிது. ஆனாலும் முதலிடம் பெங்களூருக்கு, ஏனென்றால் நேருக்கு நேர் ஆடிய இரண்டிலும் பெங்களூரு ஜெயித்திருந்தது. கோல் வித்தியாசத்தில் வரிசைப்படுத்தினால் ஷீட் கோவாவை மேலே தூக்கிவைக்கும், பெங்களூரு ரசிகர்கள் கூடும் கண்டீரவா மேற்கு பிளாக்கில் அதைக் காட்டிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது.

ஷீட்டின் உண்மையான பலம் சீசன்களை ஒப்பிடுவதில் தெரியும். ஐஎஸ்எல்லில் ஒரு அணி ஆடும் லீக் ஆட்டங்கள் மாறிக்கொண்டே வந்திருப்பதால், முதலிடம் பிடித்தவர்களின் புள்ளிகளை அப்படியே ஒப்பிட முடியாது.

| சீசன் | முதலிடம் | ஆட்டம் | புள்ளி | ஆட்டத்துக்கு |
|---|---|---|---|---|
| 2018-19 | பெங்களூரு | 18 | 34 | 1.89 |
| 2019-20 | கோவா | 18 | 39 | 2.17 |
| 2020-21 | மும்பை சிட்டி | 20 | 40 | 2.00 |
| 2021-22 | ஜாம்ஷெட்பூர் | 20 | 43 | 2.15 |
| 2022-23 | மும்பை சிட்டி | 20 | 46 | 2.30 |
| 2023-24 | மோகன் பகான் | 22 | 48 | 2.18 |
| 2024-25 | மோகன் பகான் | 24 | 56 | 2.33 |

48 எடுத்த மோகன் பகானைவிட 46 எடுத்த மும்பை சிட்டியின் சீசன் வலுவானது. 39 எடுத்த கோவா, 43 எடுத்த ஜாம்ஷெட்பூரைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. சீசன் நடுவிலும் இதே வகுத்தல் வேண்டும். 13 அணி இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணிக்கு ஓய்வு, பட்டியலில் சிலர் ஓர் ஆட்டம் குறைவாகவே ஆடியிருப்பார்கள்.

ஷீட் சொல்லாத ஒன்று, எது அதிர்ஷ்டம் என்பது. அதற்கும் கரடுமுரடான கணக்கு ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு 1.4 கோல் போடக்கூடிய அணி 24 ஆட்டத்தில் சுமார் 34 போடும். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6. ஆக 28 போட்டாலும் 40 போட்டாலும் அது அதே தரத்து அணியாக இருக்கலாம். கோல் வித்தியாசத்தில் இந்த ஏற்ற இறக்கம் 8 வரை போகும். ஒரு அணி +4, இன்னொன்று -3 என்று முடித்தால் முதல் அணி சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஈவென்ட் டேட்டா: ஆழம் உண்டு, அகலம் இல்லை

அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்கத்தான் எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ்): ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதன் கூட்டல். அண்டர்ஸ்டாட் தளம் 2014-15 முதல் ஐரோப்பாவின் ஆறு லீகுகளுக்கு இதைத் தருகிறது, அதற்கு மேல் இல்லை. ஆனால் ஸ்டாட்ஸ்பாம்ப் என்ற கால்பந்து டேட்டா நிறுவனம் கிட்ஹப் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் தொகுப்பில் 2021-22 ஐஎஸ்எல் சீசன் முழுவதும், பிளே-ஆஃப் சேர்த்து 115 ஆட்டம், இருக்கிறது. ஒவ்வொரு பாஸும் ஷாட்டும் இடத்தோடு பதிவாகியிருக்கும். அங்கே மைதானம் 120-க்கு 80, பெனால்டி புள்ளி 108, 40-ல். இரு அணியும் இடமிருந்து வலமாகத் தாக்குவதாகவே எழுதியிருப்பதால் இரண்டாம் பாதிக்குத் திருப்பிப் போட வேண்டியதில்லை. பிரவுசரிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில் ஸ்டாட்ஸ்பாம்பின் பைத்தான் நூலகத்தை நிறுவி ஆட்ட எண்ணைக் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும். இதை வைத்து எதை வெளியிட்டாலும் ஸ்டாட்ஸ்பாம்ப் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

தவறும் இடங்கள் இங்கே அதிகம். அந்த சீசன் ஃபைனலில் ஹைதராபாத் கேரளாவை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்றது. ஷூட்-அவுட் உதைகள் 5-வது பீரியட் என்ற குறியோடு அதே ஷாட் பட்டியலில் வரும். வடிகட்டாவிட்டால் ஒவ்வொன்றும் முக்கால் கோலாக ஏறி இரு அணியின் எக்ஸ்ஜியும் உப்பிவிடும். ஓன் கோல் (தன் வலைக்குள்ளேயே போடுவது) ஷாட் அல்ல, தனி நிகழ்வு. அதனால் ஷாட் கோல்களை எண்ணினால் ஸ்கோரோடு பொருந்தாது. பெனால்டியை மாடலைப் பொறுத்து 0.76 முதல் 0.79 வரை மதிப்பிடுகிறார்கள், அணியின் அட்டாக்கை எடைபோட அதைத் தனியே எடுத்துவிடுங்கள். கீப்பர் தட்டிவிட்ட பந்தை மறுபடி அடித்தால் 0.4ம் 0.5ம் கூட்டி 0.9 என்று காட்டும். உண்மையில் அந்தத் தாக்குதலில் கோல் விழும் வாய்ப்பு 0.7தான், ஏனென்றால் இரண்டும் தவறும் வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.5. இரண்டு தளங்களின் எக்ஸ்ஜியை ஒரே பட்டியலில் கலப்பதும் கூடாது. எஃப்பிரெஃப் தளம் 2022ல் ஸ்டாட்ஸ்பாம்பிலிருந்து ஆப்டா என்ற இன்னொரு டேட்டா நிறுவனத்துக்கு மாறியபோது பழைய எண்களும் மாறின. அதற்கு முன் எடுத்துவைத்த ஷீட்டோடு புதியதை ஒட்டினால் அணி முன்னேறியதா, மாடல் மாறியதா என்று பிரிக்க முடியாது.

பெரிய குறை ஒன்று உண்டு. அந்த 2021-22 சீசனின் லீக் ஆட்டங்கள் முழுவதும் கோவாவில், கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. அதற்கு முந்தைய சீசனும் அப்படியே. 'ஹோம்' என்பது அங்கே வெறும் பெயர். சொந்த மைதானச் சாதகத்தைப் பற்றி இந்த டேட்டாவிடம் எதையும் கேட்கக் கூடாது, உங்கள் ஷீட்டிலும் அந்த இரண்டு சீசனை ஹோம்-அவே கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

பிரீமியர் லீகைப் பார்ப்பவருக்கு சிஎஸ்வியும் அண்டர்ஸ்டாட்டும் போதும், பைத்தான் தேவையில்லை. ஐஎஸ்எல்லுக்கு ஷீட், ஷாட் எண்ணிக்கை வேண்டுமானால் ஆப்பிலிருந்து இரண்டு பத்தி கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம். பைத்தான் கற்கவே விரும்புகிறவருக்கு அந்த 115 ஆட்டம் நல்ல பயிற்சிக் களம்.

சூப்பர் டிவிஷனுக்கு ஷீட்டை விட்டால் வழியில்லை. மைதானத்தில் உட்கார்ந்து எடுக்கும்போது ஸ்கோரை மட்டும் எழுதாமல் நான்கு விஷயம் சேர்த்து எழுதுங்கள்: கோல் விழுந்த நிமிடம், யார் முதலில் போட்டது, பெனால்டியா, ரெட் கார்டு எந்த நிமிடத்தில். ஷாட்டை எண்ணுவதென்றால் பாக்ஸுக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு கோடு போதும். தடுக்கப்பட்ட ஷாட்டைச் சேர்ப்பதா இல்லையா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து, எழுதுகிற எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். ஒருவர் சேர்த்து இன்னொருவர் விட்டால் சீசன் முடிவில் கிடைக்கும் சராசரி எந்த அணியையும் அளக்காது, எழுதியவர்களைத்தான் அளக்கும்.