5000 லூமன், 12 மணி நேரம் என்று பெட்டியில் போட்ட சின்ன டார்ச்சை நம்பி வாங்காதீர்கள்

ராத்திரி வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 850 ரூபாய் கொடுத்துக் கையடக்க டார்ச் ஒன்று வாங்கினேன். பெட்டி மேலே 5000 லூமன் (டார்ச் தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு), 12 மணி நேரம், 2 கிலோமீட்டர் என்று பெரிசு பெரிசாகப் போட்டிருந்தது. அதை நம்பி என் அப்பா நடுராத்திரி வயலுக்குப் போய், அரை மணி நேரம் ஆவதற்குள் இருட்டில் மாட்டிக்கொண்டார்.

எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. பிசான நெல் பருவத்தில் தண்ணீர் பற்றாதபோது முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். நம்ம முறை ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கே போய் மடையைத் திறக்க வேண்டும், விடியட்டும் என்று படுத்துக்கொண்டால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். இத்தனை வருஷமும் அப்பா வைத்திருந்தது மூணு பேட்டரிக் கட்டை போடுகிற பழைய தகர லைட்டுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் வீட்டுக்கே அதுதான் வெளிச்சம். அது இந்த வருஷம் துருப்பிடித்து உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன்.

கடையில் என் கையில் இரண்டு டார்ச் இருந்தன. ஒன்று 1,900 ரூபாய். அதன் பெட்டியில் சின்னதாக ஒரு கட்டம், அதில் 1000 லூமன் என்றால் இரண்டரை மணி நேரம், 300 லூமன் என்றால் 4 மணி நேரம், 50 லூமன் என்றால் 25 மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தது. இன்னொன்று நான் வாங்கியது. ஐந்து மடங்கு வெளிச்சம், பாதிக்கும் குறைவான விலை. கடைக்காரரிடம் "அண்ணாச்சி, எது நல்லா நிக்கும்?" என்று கேட்டேன். "தம்பி, வயக்காட்டுக்குன்னா இத எடுங்க, இதுக்கு மேல வெளிச்சம் கிடையாது" என்று 850 ரூபாய் பெட்டியைத்தான் நீட்டினார். கடைக்குள்ளேயே எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டினார், கண் கூசியது. பத்தடியில் அடித்தால் எந்த லைட்டும் கண் கூசும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி என்ன நடந்தது என்று அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மடையைத் திறந்துவிட்டு வரப்பு வழியாகக் கடைசி வயல் வரைக்கும் போயிருக்கிறார், எங்கேயாவது நண்டு வளை போட்டு உடைப்பு எடுத்திருக்கிறதா என்று பார்க்க. திரும்பும்போது வெளிச்சம் மங்கியிருக்கிறது. பட்டனை அமுக்கினால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மறுபடி மங்கும். இன்னொரு தடவை அமுக்கினால் விட்டு விட்டு மின்னும். அடுத்த தடவை எதுவுமே இல்லை. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் என்பதால் நிலா வெளிச்சமும் கிடையாது. ஆவணியில் அதே மடைப் பக்கம்தான் அடுத்த வயல்காரர் ஒரு கண்ணாடி விரியனைப் பார்த்திருந்தார், அது அப்பாவுக்கும் தெரியும். மண்வெட்டியை முன்னால் தட்டித் தட்டி, ஒரு அடி வைத்து நின்று, மறு அடி வைத்து வந்திருக்கிறார். வாய்க்கால் ஓரத்தில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டு வாசலில் முழங்கால் வரைக்கும் சேறோடு நின்றுகொண்டு, "லைட்டு நின்னுட்டுய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார். பத்து நாள் அவரால் சரியாகக் காலை ஊன்ற முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

மறுநாள் டார்ச்சைக் கழற்றினேன். உள்ளே ஒரு பேட்டரி செல், மேல் உறையில் 9900 மில்லியாம்ப் (எம்ஏஎச், செல்லில் அடங்குகிற சார்ஜின் அளவு) என்று அச்சடித்திருந்தது. இந்த அளவுச் செல்லுக்கு 18650 என்று பெயர், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. நல்ல கம்பெனிகள் செய்கிற 18650 செல்லே பெரும்பாலும் 3500, 3600 மில்லியாம்ப்போடு நின்றுவிடும். அந்த உருளைக்குள் அதற்கு மேல் அதிகமாக அடைக்க இடமில்லை. ஆகவே 9900 என்று போட்டிருந்தால் அது பொய் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம். எங்கள் ஊர் நகைக் கடையில் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன், 29 கிராம் இருந்தது. முழுச் சத்துள்ள செல் 45 கிராமுக்கு மேலே, 50 கிராம் பக்கமாக வரும்.

பெட்டிக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், இதைக் கடையில் நின்றபோதே போட்டிருக்க வேண்டும். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 120 லூமன் தரும் என்று வையுங்கள். 5000 லூமனுக்கு 40 வாட்டுக்கு மேல் வேண்டும். அதை 12 மணி நேரம் எரித்தால் 500 வாட்-மணி. ஒரு நல்ல 18650 செல்லில் இருப்பது 12.6 வாட்-மணி. அதாவது உள்ளே 40 செல் இருக்க வேண்டும், செல்லின் எடை மட்டுமே இரண்டு கிலோ வரும். இன்னொரு விதமாகச் சொன்னால், 12 வோல்ட் 45 ஆம்பியர் கார் பேட்டரி ஒன்றில் இருக்கிற மொத்தச் சக்தி. அவ்வளவும் சட்டைப் பையில் போடுகிற ஒரு சாணுக்கும் குறைவான குழாய்க்குள் இருக்கிறதாம்.

2 கிலோமீட்டரும் அப்படித்தான். டார்ச்சின் தூரத்தை அளக்க அன்சி எஃப்எல்1 என்று ஒரு அமெரிக்கத் தரமுறை 2009-ல் வந்தது. அதன்படி, விழுகிற வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கிற அலகு) குறைகிற இடம்தான் அந்த டார்ச்சின் தூரம், பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. 200 மீட்டர் என்று போட 10,000 கேண்டெலா (ஒரே திசையில் பாய்கிற வெளிச்சத்தின் வீரியம்) வேண்டும், 2 கிலோமீட்டருக்கு 10 லட்சம் கேண்டெலா. இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு வேண்டும் என்பதால் எண் இப்படி ஏறும். இப்படி ஒழுங்காக அளந்த டார்ச்சில்கூட, பாம்பா குச்சியா என்று பிரித்துப் பார்க்கிற தூரம் பெட்டியில் போட்டிருப்பதில் பாதிகூட வராது.

மனசு கேட்காமல் மச்சானிடம் இருந்த நல்ல டார்ச் ஒன்றை வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னலை அடைத்து, மேல்தளத்தைப் பார்த்து எரியவிட்டு, போனில் லக்ஸ் அளக்கிற ஆப் வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்தேன். மச்சானுடையதை 300 லூமனில் வைத்திருந்தேன். தொடக்கத்திலேயே அது 240 லக்ஸ் காட்டியது, நான் வாங்கியது 210. 5000 லூமன் என்று விற்ற சாமான் 300 லூமனையே எட்டவில்லை. அது பத்தாவது நிமிஷம் 120, இருபதில் 60, நாற்பதில் 15. வீட்டில் அசையாமல் வைத்தபோது இவ்வளவு, வயலில் அதுகூட இல்லை. மச்சானுடையது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் அதே 240 பக்கமாகவே நின்றது, பிறகுதான் இறங்கத் தொடங்கியது. போன் ஆப் துல்லியமாக அளக்காது, ஆனால் இரண்டையும் ஒப்பிட அது போதும்.

ஒழுங்கான கம்பெனிப் பெட்டியையும் கொஞ்சம் நிதானமாக வாசிக்கத் தெரிய வேண்டும். அந்த எஃப்எல்1 முறையில் லூமன் அளப்பது சுவிட்சைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள். எத்தனை மணி நேரம் என்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும். ஆகவே 1000 லூமன், இரண்டரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரமும் 1000 இருக்காது. விரல் நீள அலுமினியக் குழாய் எட்டு பத்து வாட் சூட்டைத் தாங்காது, கொஞ்ச நிமிஷத்தில் கை பொறுக்காமல் சுடும், உள்ளே இருக்கிற சர்க்யூட் தானாகவே 300, 400-க்கு இறக்கிவிடும். இது ஏமாற்று இல்லை, சின்ன டார்ச் என்றாலே அப்படித்தான். அதனால் சின்னதில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்போது உச்ச எண்ணை விட்டுவிட்டு, நடு நிலையில் எத்தனை லூமன், அதில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கண்ணுக்கும் 1000 லூமன் 250-ஐப் போல நாலு மடங்காகத் தெரியாது, ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தெரியும். வரப்பில் நடக்க 50 லூமன் போதும், மடையில் நின்று வேலை பார்க்க 200, 300 போதும். இந்த நடு நிலையில் நாலு மணி நேரம் நிற்கிறதா என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம். இன்னும் நேரம் வேண்டும் என்றால் 21700 என்கிற கொஞ்சம் தடித்த செல் போட்டது இருக்கிறது, அதில் 5000 மில்லியாம்ப் உண்மையாகவே வரும்.

அப்புறம் வெளிச்சத்தின் நிறம். நீலம் பாய்ந்த வெள்ளையில் சருகும் மண்ணும் ஒரே சாம்பலாகத் தெரிகிறது, அப்பா அதை முதல் நாளே சொன்னார், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. லேசாக மஞ்சள் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். ஈரக் கையோடு பட்டனை நாலு தடவை அமுக்கினால்தான் மின்னுகிறது நின்று நேர் வெளிச்சம் வரும் என்கிற மாதிரியையும் தவிர்த்துவிடுங்கள்.

டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எரியுதுல்லா தம்பி? எரியாட்டித்தான் மாத்தித் தர முடியும்" என்றார் அதே கடைக்காரர். செல்லின் எடையைச் சொன்னேன், கணக்குத் தாளைக் காட்டினேன், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு, அதில் "லைட் 1, 850" என்று மட்டும் எழுதியிருந்தது. பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, எந்த மாதம், எதுவும் கிடையாது. சட்டப்படி இவையெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். இந்த மாதிரி லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன், அங்கேயும் முதல் கேள்வி பில் இருக்கிறதா என்பதுதான். தயவுசெய்து பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, ஆனாலும் பில் இல்லாமல் போனால் பேச்சுக்கு வலு இருக்காது.

போன சனிக்கிழமை அந்த வழியாகப் போனேன். அதே பெட்டி கண்ணாடிக்குள் முன் வரிசையில் இருந்தது. பெரியவர் ஒருவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் போக மனசு வரவில்லை. "அண்ணாச்சி, அத வாங்காதீங்க, நான் வாங்கி ஏமாந்துட்டேன்" என்றேன். கடைக்காரர் முறைத்தார், பெரியவர் வெளியே வந்துவிட்டார். வாழைக்குப் பன்றி வருகிறது, காவலுக்கு என்றார். ஓரமாக நின்று தாளைக் காட்டி எல்லாம் சொன்னேன். இந்த மாதிரிச் செல்லில் அதிகமாக சார்ஜ் ஏறாமல் தடுக்கிற சர்க்யூட் பெரும்பாலும் இருப்பதில்லை, தீப்பிடிக்கக்கூடும், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. "இதே மாதிரி ஒண்ணு வீட்டுல கிடக்குய்யா, பேரன் கட்டில் பக்கத்துலதான் சார்ஜ் போட்டிருக்கான்" என்றார். அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "ஏட்டி, அந்த லைட்ட மொதல்ல பிடுங்கி வெளிய வை."