பழைய டூரிங் பைக்கும் முந்தைய ஓனரின் ஒயர்களும்: மூன்று வருட அனுபவம்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வண்டியின் சைடு பேனலைத் திரும்ப மாட்டினேன். இரண்டு வாரமாக சீட் ஒரு மூலையிலும் பேட்டரி இன்னொரு மூலையிலுமாகக் கிடந்தன. விரல் நகத்திலிருந்து கறுப்பு இன்னும் போகவில்லை. இன்று காலை நண்பன் போன் செய்து, "நானும் ஒரு செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக் பாத்து வெச்சிருக்கேன்டா, எடுக்கலாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

1300 சிசி, நாலு சிலிண்டர், ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும்), இரண்டு பக்கமும் பெட்டி. 2021-ல் என் கைக்கு வந்தபோது வண்டிக்குப் பத்து வயது, ஓடியது 48,000 கி.மீ. அதன்பிறகு நான் 31,000 ஓட்டியிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் என் கோபம் வண்டியைச் செய்தவர்கள் மேல் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறிவிட்டால் மறந்துவிடும். இதற்குமுன் வைத்திருந்தது செயின் வண்டி. நீண்ட பயணம் என்றால் தினமும் சாயங்காலம் லாட்ஜ் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கவேண்டும், மழையில் போயிருந்தால் கட்டாயம். ஷாஃப்ட் வந்தபிறகு அந்த வேலையே இல்லை. பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் ஃபைனல் டிரைவ் ஆயிலை அவ்வப்போது மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை. வின்ட் ஸ்கிரீன் நெஞ்சில் காற்று அறையாமல் தடுத்துவிடுகிறது. ஒரே நாளில் 600 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி, நிமிர்ந்து நடந்து போயிருக்கிறேன். பழைய வண்டியில் 300 தாண்டினாலே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எடையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். டாங்க் நிறைந்தால் 290 கிலோ பக்கம் வரும், உண்மைதான். ஆனால் 20 கி.மீ. வேகம் தாண்டியதும் அந்த எடை காணாமல் போய்விடும். பிரச்சினை நடக்கிற வேகத்திலும் நிறுத்துகிற நொடியிலும்தான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே உள்பக்கம் சாயும், அதை நம் கால் தாங்காது. பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு, கிளட்சை அரைப் பிடியில் வைத்து, போகவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே காலி மைதானத்தில் எட்டு போட்டுப் பழகினேன். இரண்டு வாரத்தில் கை வந்துவிட்டது. நிறுத்தும் முன் ஹேண்டிலை நேராக்குவது இப்போது யோசிக்காமலே நடக்கிறது.

டயரில் நான் ஏமாந்திருக்க வேண்டியது, கடைசி நிமிடத்தில் தப்பித்தேன். பட்டன் எல்லாம் ஆழமாக, புதிது மாதிரி இருந்தது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தால் 2314. அதாவது 2014-ன் 23-வது வாரத்தில் செய்த டயர், ஏழு வயது. ரப்பர் இறுகிப்போய், ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்துக்கொண்டு, முதல் வாரமே இரண்டையும் மாற்றினேன். பிரேக் ஆயிலும் அதே நாளில் மாற்றினேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். இத்தனை எடையை மலைச்சரிவில் இறக்கும்போது அந்த வித்தியாசம் பிரேக் லீவரில் தெரியும்.

இனி ஒயரிங்.

முந்தைய ஓனர் வண்டியை நேசித்தவர், அதில் சந்தேகமில்லை. ஒரு நோட்டு கொடுத்தார். 6,000 கி.மீ.க்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றிய தேதி, வால்வு கிளியரன்ஸ் பார்த்த அளவுகள் எல்லாம் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். இன்ஜின் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றால் அது அவர் புண்ணியம். "எக்ஸ்ட்ரா மாட்டினது எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கோங்க தம்பி, கழட்ட மாட்டேன்" என்றார். ஹீட்டட் கிரிப், 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு, யூஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ் ஸ்டாண்டு, பெட்டிக்குள் ஒரு லைட். எனக்கு வாயெல்லாம் பல்.

முதல் வருடம் பத்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி பழசு என்று நினைத்துப் புதிது போட்டேன். அதுவும் இறங்கியது. பிறகுதான் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். சாவி எடுத்த நிலையில் 50 மில்லிஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-அவர். என் பேட்டரி மொத்தமே 12 ஆம்ப்-அவர். பத்து நாள் கணக்கு அப்படியே பொருந்தியது. யூஎஸ்பி சார்ஜரை சுவிட்ச் இல்லாமல் நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார். அதைப் பிடுங்கிப் போட்டதும் சரியானது. மற்ற ஒயர்களையும் அன்றே பார்த்திருக்க வேண்டும். சீட்டை மாட்டிவிட்டு ஓட்டக் கிளம்பிவிட்டேன்.

போன மாதம் ராத்திரி ஒன்பதரை மணி, ஆள் இல்லாத ரோடு, மழை. ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் ஒருமுறை அணைந்து, முள் பூஜ்ஜியம் தொட்டுத் திரும்பி வந்தது. அதன்பிறகு இன்ஜின் திக்கியது. ஃபாக் லேம்ப், கிரிப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, அடுத்த பெட்ரோல் பங்க் வரை 14 கி.மீ. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பங்க் விளக்கு தெரிந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி என் ஜாக்கெட்டை விட்டு ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அந்த 14 கி.மீ. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் பிரித்தேன். 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 14 வோல்ட் பக்கம் வரவேண்டும். 12.4 தான் வந்தது. ஸ்டேட்டரிலிருந்து, அதாவது இன்ஜினோடு ஓடி மின்சாரம் தயாரிக்கும் காயிலிலிருந்து, வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைப் பின்தொடர்ந்து போனால், பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு உருண்டை. டேப் வெந்து கோந்து மாதிரி கையில் ஒட்டியது. உரித்தால் உள்ளே பிளக்கே இல்லை. எப்போதோ, பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றியபோது புது பிளக் பொருந்தாமல் போயிருக்கவேண்டும். வெட்டிவிட்டு, மூன்று ஒயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். ஒரு முறுக்கு கருகி, செம்பு பச்சை பூத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

இது ஏன் இவ்வளவு ஆபத்து என்று நண்பனுக்குப் புரியவேண்டும். இந்த வகை ரெகுலேட்டர் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஷார்ட் செய்து வெப்பமாக விடும். நாம் லைட்டை அணைத்தாலும் அந்த ஒயரில் கரண்ட் குறையாது. 15 ஆம்ப் ஓடும் இடத்தில் முறுக்கு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தால் போதும், அங்கே 22.5 வாட் சூடு. ஈயப் பற்று வைக்கும் ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். என் சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டாங்கை ஒட்டி, பழுத்த சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு மூன்று வருடம் குடும்பத்தோடு போயிருக்கிறேன்.

ஆயில் மாற்றிய தேதியை அவ்வளவு ஒழுங்காக எழுதிய மனிதர் இந்த இடத்தில் நாலு ரூபாய் டேப்போடு விட்டது எனக்கு ஆறவே இல்லை. நோட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தெரியாமல் செய்திருப்பார், மனதறிந்து செய்பவர் இல்லை என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அந்த உருண்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சமாதானம் கலைந்துவிடுகிறது.

இரண்டு வார வேலை. ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் பதினொன்று எடுத்தேன். ஒவ்வொன்றும் கம்பெனி ஒயரின் சில இழைகளை வெட்டியிருந்தது. ஸ்டேட்டர் ஒயர்களுக்கு சீல் வைத்த நல்ல பிளக், ஒயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் ஒழுங்கான கிரிம்ப், மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். ரெகுலேட்டரும் புதிது. எக்ஸ்ட்ராக்களுக்கு என்று தனியாக ஒரு ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), ஒரு சின்ன ஃபியூஸ் பாக்ஸ். ரிலேயின் 30-வது கால் 20 ஆம்ப் ஃபியூஸ் வழியாக பேட்டரிக்கு, 87 ஃபியூஸ் பாக்ஸுக்கு, 86 டெயில் லைட் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. சாவியை எடுத்தால் எல்லாமே செத்துவிடும். ஃபாக் லேம்புகளை எல்ஈடியாக மாற்றிவிட்டேன். பழையது இரண்டும் சேர்ந்து 8 ஆம்ப் தின்றுகொண்டிருந்தன. கடைசியாக எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனையை வைத்து வோல்டேஜ் இழப்பு பார்த்தேன். எதிலும் 0.1 வோல்ட் தாண்டவில்லை. 5,000 ஆர்பிஎம்மில் 14.2.

எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்று ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து சீட்டின் அடியில் ஒட்டியிருக்கிறேன். அடுத்து இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் டேப் உருண்டையைத் தேடி இரண்டு வாரம் உட்காரவேண்டியதில்லை.

டேய், இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஷாஃப்ட் பிடித்திருக்கிறது, இன்ஜின் பிடித்திருக்கிறது, 600 கி.மீ. போனாலும் அலுக்காத அந்த சீட் பிடித்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எக்ஸ்ட்ரா என்று ஒரு பல்புகூட மாட்டாத வண்டி கிடைத்தால் மட்டும் பார். அது கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்துப் புதிதாக எடு.

அவன் விடமாட்டான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம் என்று ஏற்கெனவே விற்பவரிடம் சொல்லிவிட்டான். நானும் போகிறேன். சீட்டைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் எத்தனை ஒயர் தொங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். ஒன்றோ இரண்டோ என்றால் மேற்கொண்டு பேசலாம். சீட்டைக் கழற்றவே அவர் விடவில்லை என்றால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லாமலே நண்பனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.