ஒரு ஆளுக்குப் பாஸ்தா செய்ய இந்த 22 செ.மீ. ட்ரைப்ளை பேன்: ஐந்துக்கு நான்கு

இந்தப் பேனை நான் வாங்கியதே ஒரு வேலைக்குத்தான். வேலை முடிந்து களைத்து வந்த பிறகு, எனக்கு மட்டும் சிக்கனும் காய்கறியும் போட்டு ஒரு தட்டு பாஸ்தா செய்ய வேண்டும். கழுவுவதற்கு ஒரே பாத்திரம்தான் மிஞ்ச வேண்டும். அதை வைத்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். வீட்டில் நாலு பேர் என்றால் பெரிய சைஸைப் பாருங்கள், இது பத்தாது.

22 செ.மீ. அகலம், ஆறரை செ.மீ. உயரம், ஸ்டீல் மூடி. ட்ரைப்ளை என்றால் மூன்று அடுக்கு: உள்ளேயும் வெளியேயும் ஸ்டீல், நடுவில் அலுமினியம். வெறும் ஸ்டீல் என்றால் தீ படுகிற இடம் மட்டும் காய்ந்து, அங்கேயே பூண்டு கருகிவிடும். நடுவில் இருக்கும் அலுமினியம் சூட்டை ஓரம் வரை கொண்டுபோகிறது. வெளிப்பக்க ஸ்டீல் காந்தம் ஒட்டும் ரகம் என்பதால் இண்டக்‌ஷனிலும் வைக்கலாம்.

"சிக்கன் அடியில் ஒட்டுமே, நான்-ஸ்டிக்கே எடுத்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். ஒட்டும். ஒட்டட்டும். காலிப் பேனை மிதமான தீயில் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். புஸ்ஸென்று ஆவியானால் இன்னும் காய வேண்டும். முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் எண்ணெய் விடலாம். 120 கிராம் நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். முதலில் இழுத்தால் வராது. இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமானதும் துண்டு தானே பிடியை விடும். திருப்பிப் போட்டு, உள்ளே வெந்ததும் எடுத்துத் தனியே வையுங்கள். (தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: நடுவில் 74 டிகிரி செல்சியஸ்.)

இப்போது பேனின் அடியில் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். இந்தச் சமையலின் ருசியே அதுதான். நான்-ஸ்டிக்கில் அது சரியாகப் படியவே படியாது. அதன் மேலேயே வெங்காயமும் பூண்டும் வதக்கி, 350 மில்லி தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். பாஸ்தா அந்த நீரிலேயே வேகிறது.

பாஸ்தா என்றால் பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். 80 கிராம் பென்னேவுக்கு (சின்னக் குழாய் வடிவப் பாஸ்தா) அது தேவையில்லை. அகலமான பேனில் ஒரே அடுக்காகப் படுத்து, தண்ணீர் மூடும் அளவுக்கு இருந்தால் போதும், அவ்வப்போது கிளறிவிடுங்கள். பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்து கொஞ்சத் தண்ணீரிலேயே தங்குவதால், கடைசியில் எஞ்சும் நான்கைந்து கரண்டி நீர் எண்ணெயோடு கலந்து சாஸாகிவிடும். க்ரீம் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். இந்தச் சமையலை நான் ஆரோக்கியம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உப்பில் மட்டும் கவனம். லிட்டருக்கு 10 கிராம் என்ற கணக்கு, தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்களுக்கு. இங்கே எதையும் வடிப்பதில்லை, போட்ட உப்பு முழுவதும் வயிற்றுக்குத்தான் போகும். கால் டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். அதையும் தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த நீரில் போட்டால் உப்பு அடியில் தங்கி, நாளடைவில் ஸ்டீலில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அரித்துவிடும்.

காய்களை ஒன்றாகக் கொட்ட வேண்டாம். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால், கேரட் ஐந்து நிமிடம் இருக்கும்போது, ப்ரோக்கலி மூன்று நிமிடம் இருக்கும்போது. குடைமிளகாயும் கீரையும் சிக்கனோடு கடைசி நிமிடத்தில். அடுப்பை அணைத்த பிறகு மிளகுத்தூள், எலுமிச்சை, பிடித்தால் துருவிய சீஸ். எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனைத் தாண்டாவிட்டால் தட்டு ஏறக்குறைய 600 கலோரிக்குள் நிற்கும், புரதம் 35 கிராமாவது தேறும். முழு கோதுமை பென்னே போட்டால் நார்ச்சத்து நன்றாகவே கூடும், ஆனால் இரண்டு மூன்று நிமிடமும் கொஞ்சம் தண்ணீரும் அதிகம் கேட்கும். எனக்கு அதன் சொரசொரப்பு பிடிக்கும், பிடிக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் போனது? கைப்பிடியைப் பொருத்திய ஆணிகளின் தலை உள்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டால் பழைய பல் பிரஷ்தான் கதி. சாப்பிட உட்காரும் முன்பே பேனில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி குறையும். கைப்பிடியும் கேஸ் அடுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் சுடுகிறது, துணி இல்லாமல் தொட முடியவில்லை.

மூடிதான் பெரிய குறை. ஆவி போக ஓட்டை கிடையாது. பாஸ்தா நீர் நுரைத்துக்கொண்டு வரும்போது முழுக்க மூடினால் அடுப்பெல்லாம் வழிந்துவிடும். கொஞ்சம் சாய்த்து வைத்துச் சமாளிக்கிறேன், ஆனால் ஸ்டீல் மூடி என்பதால் உள்ளே தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்கிறது. இதே பேன் ஆவித்துளை போட்ட கண்ணாடி மூடியோடு கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.