வெள்ளச்சிக்கு 14 மாதம் கொடுத்துப் பார்த்தவை

என் நாய்க்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்க பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்வந்தவன் நான். "வாசல்ல சாளை காயுது, நீ டப்பால அடைச்சதை வாங்கிட்டு வர்றியா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். பாதி நியாயம்தான்.

வெள்ளச்சி நாட்டு நாய். பத்து வயது, 16 கிலோ. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறைவாம், பின்னால்தான் தெரிந்தது. கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. உடனே அறுத்திருக்க வேண்டும். நானோ 'புற்றைக் கரைக்கும்' என்று ஆன்லைனில் விற்ற வான்கோழிவால் காளான் பொடியை நம்பி இரண்டு மாதம் ஓட்டினேன். எலுமிச்சை அளவு ஆனபின் மதுரைக்கு வண்டி பிடித்தேன். அறுவை முடிந்து பயாப்ஸி வந்தது, புற்றுதான்.

அந்தப் பொடிக்கு ஆதாரமாகக் காட்டியது 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் செய்த ஆய்வு. தேடிப் படித்தேன். மொத்தம் 15 நாய்கள், அதுவும் மண்ணீரலில் வரும் ரத்தக்குழாய்ப் புற்று. மடிக்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு கூடுதல் நாய்களை வைத்து நடந்த ஆய்விலும் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. டப்பா அன்றே குப்பைக்குப் போனது.

மீன் எண்ணெயை மட்டும் 14 மாதமும் விடவில்லை. 1000 மி.கி. மாத்திரை என்று போட்டிருந்தாலும், வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நான் வாங்கியதில் 300 மி.கி.தான், டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது மீன் ஈரல் எண்ணெய். அது வேறு சரக்கு. வைட்டமின் ஏ உடம்பில் தங்கிச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் மாற்றச் சொன்னார். எடுத்ததும் இரண்டு மாத்திரை கொடுத்ததில் வயிறு இளகியது. ஒன்றாகக் குறைத்து, பத்து நாள் கழித்து மறுபடி இரண்டு. ஆறாவது வாரம் முடியில் பளபளப்பு வந்தது, படியேறும்போது பின்னங்கால் இழுப்பது குறைந்தது. கூடவே வலி மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்ததால் முழுப் பெருமையையும் எண்ணெய்க்கே கொடுக்க மாட்டேன். ஆனால் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறவள், ஒரு மாத்திரையைக் குத்திச் சோற்றில் பிழிந்தால் தட்டை நக்கிவிடுவாள். எனக்கு அதுவே போதும்.

நம்மூர் வெயிலுக்கு டப்பாவை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சித்திரையில் ஒரு டப்பா கெட்டுப்போனது. உடைத்து முகர்ந்தால் பழைய பெயிண்ட் வாடை.

அக்கா சொன்னதையும் செய்தேன். சாளையைத் தலை, குடல் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து வாரம் மூன்று நாள். பச்சையாகப் போடவில்லை, சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடையில் வள்ளம் என்கிற நாட்டுப்படகில் வரும் மீன் மட்டும்தான், விலை ஏறிவிடும். அப்போது டப்பா மாத்திரைதான் கைகொடுத்தது, அக்கா சிரிக்கவில்லை.

மஞ்சள் ஒரு மாதத்தோடு சரி. அதில் மருந்துச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதிலும் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம். மிளகு சேர்த்தால் சேருமாம். வலி மாத்திரையோடு மிளகுச் சத்து வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு மிஞ்சியது அவள் படுக்கும் சாக்கில் மஞ்சள் கறையும் பேதியும்.

பதின்மூன்றாம் மாதம் இருமல் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளிகள். எண்ணெய் அதைத் தடுக்கவில்லை, தடுக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை. கடைசி வாரம்வரை தட்டை நக்குவதை மட்டும் அவள் விடவில்லை.

மீதி 22 மாத்திரை இருந்தது. அக்கா வீட்டுக் கிழட்டு நாய்க்குக் கால் இழுக்கிறது என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்று டப்பாமேல் எழுதிக் கொடுத்தேன்.