தஞ்சாவூர் வீணைக்கு டொராண்டோவிலிருந்து பணம் கட்டிய கதை

போன வாரம் தோழி போன் பண்ணிக் கேட்டாள்: "வீணைக்குப் பணம் எப்படிடி அனுப்பினே? நம்பி அனுப்பலாமா?" அவள் மகளும் இப்போது வீணை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அரை மணி நேரம் பேசியும் பாதி விட்டுப்போனது. அதனால் எழுதிவிடுகிறேன்.

வாங்கியது ஏகாண்ட வீணை. அடிப்பக்கத்துக் குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் ஒட்டு இல்லாமல் ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. ஆர்டர் கொடுத்து, கையில் வர ஒன்பது மாதம். மூன்று வருடமாக மகள் தினமும் வாசிக்கிறாள். நாதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பணம் போன வழியைப் பற்றித்தான்.

முன்பணம் 20,000 ரூபாயை பேபாலில் கட்டினேன். வீணை செய்யும் ஐயாவின் மகன் அதில் கணக்கு வைத்திருந்தார். நண்பர்களுக்கு அனுப்புவதுபோல் அனுப்பினால் பாதுகாப்பு கிடையாது; இந்தியக் கணக்குக்கு அப்படி அனுப்பவும் முடியாது. பொருள் வாங்குவதாகவே கட்டினேன். பொருள் வராவிட்டால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதில் நிம்மதி. ஆனால் அந்த 180 நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறது. ஆறாவது மாதம் பார்த்தால், குடைந்த குடம் பட்டறையில் காய்ந்துகொண்டிருக்கிறது. தண்டியின் முனையில் வரும் யாளி முகம்கூடச் செதுக்கவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, மரம் காய வேண்டிய நேரம் காய்ந்தே ஆக வேண்டும். என் பாதுகாப்பு மட்டும் அன்றோடு முடிந்துபோனது.

கையால் செய்யும் பொருளுக்கு இந்தக் கெடு பத்தாது. அதனால் பணத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் நமக்கு உண்மையான காவல். முன்பணம் மரம் வாங்கும் அளவுக்கு. குடமும் தண்டியும் குடைந்து முடித்ததை வீடியோவில் பார்த்த பிறகு அடுத்தது. கடைசித் தவணை, மெழுகு வைத்து 24 மெட்டும் கட்டி, ஸ்வரம் சுத்தமாக இருக்கிறதா என்று வீடியோ அழைப்பில் கேட்ட பிறகு, பெட்டியில் அடைப்பதற்கு முன்பு. பார்சல் கிளம்பிய பிறகுதான் கடைசிப் பணம் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒன்பது மாதம் உழைத்தவருக்கும் பயம் உண்டு. கடல் தாண்டிப் போன வீணையை அவர் எங்கே வந்து திருப்பி வாங்குவார்?

இரண்டாவது தவணையிலிருந்து வங்கிக்கு மாறினேன். பேபாலில் கட்டணம், மாற்று விகிதம் எல்லாம் போக அவர் கைக்கு வந்தது ரொம்பக் குறைவு. வங்கியில் எனக்கு வந்த எரிச்சல்தான் இன்று வரை அடங்கவில்லை. 25,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டு டாலரில் அனுப்பினேன். "வந்துடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நீல மையில் வட்டம் போட்டிருந்த வரவு 23,410. 1,590 ரூபாய் நடுவில் எங்கேயோ போயிருக்கிறது. கேட்டால், "பரவாயில்லைம்மா, சொல்லச் சங்கடமா இருந்துச்சு" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது அவருடைய மூன்று நாள் வேலை.

பணம் நேராகப் போவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் இருக்கும், ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். படிவத்தில் செலவு யாருக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. எல்லாச் செலவும் அனுப்புபவருக்கே என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் இதைக் கேட்கவே இல்லை; பகிர்ந்துகொள்வது என்று அவளாகவே போட்டுவிட்டாள். பணம் எதற்கு என்ற இடத்திலும் குடும்பச் செலவு என்று போட்டிருந்தாள். இது ஏற்றுமதிப் பொருளுக்கான பணம், அப்படியே போடுங்கள் என்று அடுத்த முறை திருத்தச் சொன்னேன். நாளைக்குத் தகராறு என்றால் நம் கையில் இருப்பது அந்தக் காகிதம்தான். அவருக்கும் வரிக் கணக்கில் நேராக இருக்கும்.

இன்னொன்று. கடைசித் தவணைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் புதுக் கணக்கு எண் வந்தது. போனையோ மின்னஞ்சலையோ பிடித்துக்கொண்டு இப்படி எண்ணை மாற்றி அனுப்புவது திருடர்களின் வழக்கமான வேலை. உடனே வீடியோவில் கூப்பிட்டேன். கடைப் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்திருக்கிறார், உண்மைதான். சந்தேகப்பட்டதற்குக் கோபிப்பாரோ என்று பயந்தேன். "கேட்டது நல்லதும்மா" என்றார். முதலில் சிறு தொகை அனுப்பி, வந்ததென்று அவர் வாயால் கேட்ட பிறகே மீதியை அனுப்பினேன்.

தோழிக்கு நான் சொன்னது: முதல் தடவை, முன்பின் தெரியாதவர் என்றால், பேபாலிலோ கார்டிலோ கட்டு, கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவை. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் வழி, வங்கியில் போன பணம் திரும்பி வராது. இவ்வளவும் சொல்லிவிட்டு, சின்னவளுக்கு அடுத்த மாதம் சொல்லப்போகும் வீணைக்கு நான் வங்கியில்தான் அனுப்பப்போகிறேன், முழுச் செலவும் என் பக்கம். அதற்கு முன்னால் ஐயாவை ஒருமுறை கணக்கு எண்ணை வாசிக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்து வர அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், இருக்கிறேன்.