கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு நடை: ஆறு வயது, மூன்று வயது, ஒரு மாமியார்

மார்க்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்க, காலை 7 மணிக்கு முன்னால் ஆரம்பித்தால் ஐந்துக்கு நான்கு. 10 மணிக்கு மேல் என்றால் இரண்டு. மே மாதத்துச் சனி ஞாயிறு என்றால் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

நாங்கள் மதுரை. காலாண்டு விடுமுறையில் போனோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று முடிந்து இரண்டு மாதம், அப்புறம் நான், என் கணவர், என் மாமியார். போன தடவை எல்லாரையும் போல ஒரு காரைப் பிடித்து தூண் பாறை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு என்று ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதே பொய். தம்பி ஒவ்வோர் இடத்திலும் இறங்குகிற நேரம் பார்த்துத் தூங்கினான், வண்டி கிளம்பியதும் எழுந்து அழுதான், பாதி இடங்களில் பனிமூட்டம் வெள்ளையாக இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அதனால் இந்தத் தடவை ஒரு முழு நாள் காரே வேண்டாம், ஏரி மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

வருவதற்கும் அரசுப் பேருந்துதான். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்காமல் கிளம்பிவிடாதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வத்தலக்குண்டு தாண்டியதும் மலைப்பாதை வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கிவிடும். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம், புளிப்பு மிட்டாய் கொடுத்தோம், பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் பாப்பா என் துப்பட்டாவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கவரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் அல்ல.

மறுநாள் காலை 6.40க்கு பிரையண்ட் பூங்காப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தோம். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை, பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. மலையேற்றம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இது நடைதான். மூன்று வயதுக்கு அதுவே மலையேற்றம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து. என் மாமியார் பௌர்ணமி தவறாமல் திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் போகிறவர். “சுத்துறதுன்னா வலமாத்தான் சுத்தணும், அது மலையா இருந்தா என்ன, தண்ணியா இருந்தா என்ன” என்று சொல்லிவிட்டு யாரையும் கேட்காமல் நடந்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு. பத்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரியான பக்கம். வலமாகப் போனால் ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும். நாம் ஏரியோரமாக ஒட்டி நடந்தால், நம் ஓரத்தில் வருகிற வண்டிகள் எல்லாம் எதிரே கண்ணுக்குத் தெரிந்து வரும். இடமாகச் சுற்றினால் அவை முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அத்தையிடம் இதைச் சொன்னேன். “அதான் பெரியவங்க சொல்லிருக்காங்க” என்றார். பெரியவர்கள் இன்னோவாவை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் நான் வாதாடவில்லை.

அந்த நேரத்தில் ஏரி எப்படி இருக்கும் என்றால், தண்ணீர் மேல் ஆவி போகும். மெல்லிய புகை மாதிரி கிளம்பி, ஓர் ஆள் உயரம் எழும்பிக் கரைந்துவிடும். தம்பி அப்பா தோளில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, “யாருப்பா வெந்நி போடுறா, குளிக்கவா?” என்று கேட்டான். இந்தப் பயணத்துக்குக் கொடுத்த மொத்தப் பணமும் அதற்கே சரியாகிவிட்டது.

ஏரியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளோடு நடப்பதில் முழுச் சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. இது வட்டமான ஏரி இல்லை, நட்சத்திர மாதிரி கை கையாக நீட்டிக்கொண்டு கிடக்கும். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் ஓடைத் தண்ணீரை அணை கட்டி நிறுத்தி உண்டாக்கியது, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். இதை நான் சொன்னபோது அத்தை, “அப்ப நம்ம ஊரு கலெக்டர் கட்டுன கம்மாய்னு சொல்லு” என்று முடித்துவிட்டார். கம்மாய்தான். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், பக்கத்துப் பள்ளங்களுக்குள்ளும் புகுந்து நிற்கிறது. சாலையும் ஒவ்வொரு கைக்குள்ளேயும் போய்த் திரும்பி வருகிறது. அதனால் எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரியும், “அதோ அங்கதான், வந்துருச்சு” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவீர்கள், அப்புறம் பார்த்தால் அந்த “அதோ”வுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். நான் இரண்டு தடவை இந்தப் பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். மூன்றாம் தடவை பாப்பா, “அம்மா, அதோன்னு சொல்லாத, எத்தன வளைவுன்னு சொல்லு” என்றாள். அதிலிருந்து வளைவுக் கணக்குத்தான். ஒரு வளைவுக்கு ஒரு கடலை மிட்டாய். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கிலோமீட்டர் கணக்கு பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பின்பக்கத்துக் கைகள்தான் இந்த நடையில் உயர்ந்த பகுதி. மரங்கள் சாலை வரைக்கும் இறங்கி வந்து நிற்கின்றன, ராத்திரி மழையில் நனைந்த யூகலிப்டஸ் வாசனை, ஹாரன் சத்தம் கிடையாது. ஓரிடத்தில் முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய், எங்கே வரும் எங்கே வரும் என்று பிள்ளைகள் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, சம்பந்தமே இல்லாத வேறு மூலையில் தலை தூக்கியது. அந்த இடத்திலேயே இருபது நிமிடம் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டோம். என் கணவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவர் வேலை பார்க்கிற இடத்துப் பழக்கம்.

இப்போது குறைகள். முதல் குறை கழிப்பறை. படகுத்துறைப் பக்கத்தில் கட்டணக் கழிப்பறை உண்டு, அதைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டால் எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. கிளம்பும்போதே போய்விட்டு வந்த பிள்ளை சரியாகப் பாதி வழியில்தான் கேட்கும், அது இயற்கை. தம்பிக்கு ஒரு புதர் கிடைத்தது, பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள், பாவம். இத்தனை லட்சம் பேர் வருகிற ஊரில் இது ரொம்பவே அநியாயம்.

இரண்டாவது, ஒன்பது மணிக்கு மேல் சாலை தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. கார்கள், குதிரைகள், இரண்டு பேர் மிதிக்கிற வாடகை சைக்கிள்கள் எல்லாம் ஒரே சாலையில். குதிரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு முதலில் குஷி, கடைசியில் சாணி எண்ணுகிற விளையாட்டு. தம்பி பதினேழு எண்ணினான், அவனுக்குப் பதினொன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது என்பது வேறு விஷயம். குதிரைச் சவாரி நாங்கள் போகவில்லை. பெரிய பிள்ளைகள் போகலாம்.

மூன்றாவது, சைக்கிள். இது எங்கள் முட்டாள்தனமும்தான். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் கால் வலிக்கிறது என்று பாப்பா உட்கார்ந்துவிட, அவள் அப்பா ஒரு கடையில் வாடகை சைக்கிள் எடுத்தார். பிள்ளை உட்காரும் இருக்கை கேட்டோம், பின்னால் கேரியரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, “இதுல உக்காத்தி வைங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். பிரேக் ஒரு பக்கம்தான் பிடித்தது. உருட்டிக்கொண்டே போய்த் திருப்பிக் கொடுத்ததும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏழு நிமிடம் ஆகிவிட்டது என்று இரண்டு மணி நேர வாடகை. சண்டை போட்டிருப்பேன், அத்தை கையைப் பிடித்து இழுத்துவிட்டார். எடுக்கிறவர்கள் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதைக் கடைக்காரர் முன்னாலேயே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. படகுத்துறை நெருங்கும்போது பிரெட் ஆம்லெட், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, வேர்க்கடலை, இலையோடு கட்டி வைத்த கேரட், எல்லாம் வந்துவிடும். கரியில் சுட்ட சோளம் வாங்கினோம். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த அம்மா பாதி எலுமிச்சையை உப்பு மிளகாய்த் தூளில் தோய்த்துத்தான் கதிர் மேல் தேய்ப்பார். “காரம் வேண்டாம்” என்று சொன்னாலும் அதே எலுமிச்சைதான் வரும், அதில் ஏற்கெனவே இருபது கதிரின் காரம் ஏறியிருக்கும். “புதுப் பழம் அறுத்து வெறும் உப்பு மட்டும் போடுங்க அக்கா” என்று சொன்னால் சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பார்கள். நாங்கள் முதல் கதிரில் தம்பி அலறிய பிறகுதான் கற்றுக்கொண்டோம். கையில் தின்பண்டத்தோடு குரங்குப் பக்கம் போகாதீர்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எவர்சில்வரில் கொண்டுபோங்கள், மலை மேல் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, கடையில் கேட்டு அலைய வேண்டாம்.

மொத்தச் சுற்று முடியும்போது மணி 10.15. பெரியவர்கள் மட்டும் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், எங்களுக்கு மூன்றரை மணி நேரம். தம்பி தன் காலால் நடந்தது பாதிக்கும் குறைவு, மிச்சம் தோள்தான். தள்ளுவண்டி இருந்தால் கொண்டுபோங்கள், சாலை அதற்குத் தோதாகவே இருக்கிறது, எங்களுக்குத்தான் புத்தி வரவில்லை. முழுச் சுற்றும் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை, பின்பக்கத்து ஒரு கை வரைக்கும் போய் வந்த வழியே திரும்பினாலும் நல்ல நடைதான்.

படகு சவாரி வேண்டாம் என்று விட்டுவிட்டோம், வரிசை அப்போதே வாசலைத் தாண்டி நின்றது. நேராக பிரையண்ட் பூங்காவுக்குப் போனோம். 1908இல் போட்ட பூங்கா, மே மாதம் மலர்க் கண்காட்சி நடப்பது அங்கேதான், நாங்கள் போனபோது கூட்டம் இல்லை. பூவை யார் பார்த்தார்கள், கால் வலிக்கிறது என்று ஒரு கிலோமீட்டர் சைக்கிளில் வந்த மகாராணி புல்வெளியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட ஆரம்பித்தாள். தம்பி அவள் பின்னால். நானும் அவரும் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சரியாக ஒன்றேகால் மணிக்கு மழை பிடித்தது. மத்தியான மழையை நம்பி எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒருவருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் வீதம் கூடுதலாக வேண்டும், பனியில் புல் நனைந்து முதல் ஜோடி எட்டு மணிக்கே போய்விடும். அத்தை மட்டும் வெறும் ரப்பர் செருப்பில் முழுச் சுற்றும் நடந்துவிட்டு, மழைக்குக் கடையோரம் ஒதுங்கிய இடத்தில் மலைப்பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தார், நாளைக்குக் காலையில் இன்னொரு சுற்று போகலாமா என்று எங்களைக் கேட்டுக்கொண்டே.